வெறும் அலமாரிகள்

காலை வெயில் நூலக அலமாரிகளின் அடிப்பலகை வரை போய் விழுகிறது. தடுக்க ஒரு புத்தகமும் இல்லை. நிதி இல்லையென்று இன்றோடு நூலகத்தை மூட உத்தரவு. புத்தகங்களை அள்ளிப்போக வந்த லாரி வாசலில் உறுமியபடி நிற்கிறது. "எங்கம்மா எல்லாம்?" என்று அதிகாரி கழுத்து வியர்வையைத் துடைக்கிறார். நூலகரின் விரல்களில் நேற்றைய முத்திரை மை இன்னும் போகவில்லை. "வாசகருங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க சார். ஆளுக்கு நாலு எடுக்கலாம்னு விதி இருக்கே. நேத்து வரிசை தெருமுனை வரைக்கும் நின்னுச்சு. இது உனக்கெதுக்குன்னு நான் யாரையும் கேக்கல." "அகராதி கூடவா?" "அதுக்குத்தான் சார் அடிதடி." சுமை ஏற்ற வந்தவர் துண்டை உதறிச் சிரிக்கிறார். "எங்க வீட்லயும் நாலு இருக்கு சார். பொண்டாட்டி தலைமாட்டுல வச்சிருக்கா. வேணும்னா நீங்க போய்ப் புடுங்குங்க, என்னால ஆகாது." அதிகாரி பல்லைக் கடிக்கிறார். "எப்பத் திரும்பி வரும்?" "பதினஞ்சு நாள்ல. ஆனா கொண்டாந்து குடுக்க நூலகம் தொறந்திருக்கணுமே, சார்." லாரிக்காரர் இன்ஜினை அணைக்கிறார். அந்த அமைதியில் அவள் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, ஈரத்துணியைப் பிழிந்து, முதல் அலமாரியைத் துடைக்கத் தொடங்குகிறாள்.