பழசுல ஃபேன் இல்ல

"லோகு, என்னை இன்னா இளிச்சவாயன்னு நெனச்சிக்கினியா?"

இரும்பு உருக்கும் கம்பெனியின் சட்டையைக்கூட மாற்றாமல் புதுவாயல் லேப்டாப் ரிப்பேர் கடைக்கு வந்த எபினேசர், பழசு, புதுசு என இரண்டு லேப்டாப்களையும் மேசையில் வைத்துவிட்டுக் கத்தினார்.

"பழச பாத்து இன்னா சொன்ன? பத்து வருசத்து ப்ராசஸர், தூக்கிப் போடுன்னு சிரிச்ச. புதுசு நாலு மடங்கு ஸ்பீடுன்ன. மூணே மாசம்! சூடாகி சூடாகி ஆஃப் ஆவுது. பழசு இன்னும் ஓடிக்கினு கீது!"

மெக்கானிக் லோகு புதுசின் பின்மூடியைக் கழற்றினான். காந்த முனை ஸ்க்ரூ டிரைவரை ஃபேன் அருகே கொண்டுபோனதும், கறுப்புத் தூள் மீசைபோல ஒட்டிக்கொண்டு நின்றது.

"இரும்புத் தூள்ணா. புது ப்ராசஸர் வேகமா ஓடும், சூடாவும். அதுக்கு ஃபேன் வேணும். ஃபேன் காத்தோட இதையும் இழுத்து அடைச்சிக்கிச்சி. பழசு சூடாவாது, அதுல ஃபேனே கெடையாது. அதான் தப்பிச்சிது." இப்போது லோகுவுக்கும் கோபம் வந்தது. "லேப்டாப்ப யார்னா ஃபர்னஸ் பக்கத்துல வச்சிப்பாங்களா? என்மேல எகிர்றீங்க!"

எபினேசர் அந்தத் தூளையே பார்த்தார்.

"இது கம்பெனிக்குள்ள போனதே இல்ல லோகு. மதிலுக்குப் பின்னாடி எங்க ஊட்ல, எம் பொண்ணு வச்சிப் படிக்கிறது."

லோகு முனையைத் துடைக்கத் துணியை எடுத்தான்.

"தொடைக்காத! பேப்பர்ல மடிச்சிக் குடு, கம்பெனி கேட்டாண்ட போறேன். மூணு மாசத்துக்கே இவ்ளோ. எம் பொண்ணு அந்த ஊட்ல பொறந்து பதினேழு வருசம் ஆவுது!"