ஃபேன் சுவிட்ச்

மைசூர் வெயிலில் பீங்கான் பட்டறையின் தகரக் கூரை கொதிக்கிறது. கோப்பைகளுக்குப் பளபளப்பாகப் பூசும் கிளேஸுக்காக, அளந்து வைத்த வெள்ளைக்கல் பொடியைத் தேவம்மா தண்ணீர்த் தொட்டியில் மெல்லச் சரிக்கிறாள். மூக்கை மறைத்து ஈரத்துண்டு கட்டியிருக்கிறாள். உள்ளே வரும் சூப்பர்வைசர் உமேஷ் நேராகப் போய் ஃபேனைப் போடுகிறான். பொடி புகையாகக் கிளம்பி ஜன்னல் வெளிச்சத்தில் மினுங்குகிறது; அவள் இமைகள் வெளுக்கின்றன. அவன் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொள்கிறான்.

“பொடி கலக்கறப்போ ஃபேன் போடாதீங்கன்னு எத்தனை தடவை சார் சொல்றது?”

“வேர்க்குதும்மா. சொல்ப, கொஞ்சூண்டு காத்து வரட்டும்.”

தேவம்மா சுவிட்சைப் பட்டென்று அணைக்கிறாள். “இந்தத் தூசியப் பத்து வருஷம் இழுத்துத்தான் எங்க வீட்டுக்காரரு நாலு படி ஏற முடியாமக் கெடக்கறாரு.” அவனுடைய நாற்காலியைத் தொட்டியருகே தரதரவென்று இழுத்துப் போடுகிறாள். மறுபடியும் ஃபேனைத் தட்டிவிடுகிறாள்.

“கர்ச்சீப்ப எடுத்துட்டு உக்காருங்க சார். நல்லாக் காத்து வாங்குங்க.”