பதினோராம் அத்தியாயம்

லாரி டிரைவர் பெக்தெமிர் புத்தகக் கடைக்குள் நுழைந்ததுமே, கல்லாவில் இருந்த ஜிபார் தன்னோடு வேலை பார்க்கும் சல்தனத்தை முழங்கையால் இடித்தாள். "வந்துட்டார்டி உன் ஆளு!"

வாரம் ஒரு நாவல் வாங்குகிறவர். இன்றும் குரல் கம்மியிருந்தது.

"சல்தனத், இந்தக் காலத்துக் கதையா ஒண்ணு குடுங்க. காதல், சிநேகிதம், மனுசன் பக்குவப்படுறது, எல்லாம் இருக்கணும். அத்தியாயம் மட்டும் சின்னதா இருக்கட்டும்."

இரண்டு தோழிகள் பிரியும் கதையை எடுத்துக் கொடுத்தாள். அவளே அழுதுகொண்டு படித்தது.

அவர் போனதும் ஜிபார் சிரித்தாள். "உன்னைப் பார்த்தாலே மனுசனுக்குத் தொண்டை அடைக்குது!" சல்தனத்துக்குக் காது சிவந்தது.

மூன்றாம் நாள் அதே நாவலோடு வேறொரு டிரைவர் வந்து நின்றார். இன்னொரு கையில் வாக்கி டாக்கி.

"பெக்தெமிருக்குக் குரலே போயிடுச்சும்மா. பனிச்சரிவுல மலைப்பாதை அடைபட்டா, அவர்தான் இதுல எங்களுக்குக் கதை படிப்பார். நேத்து படிச்சிட்டிருக்கும்போதே பாதை திறந்துடுச்சு. நாப்பது லாரி, ஒருத்தனும் வண்டிய எடுக்கலை. விரட்ட வந்த போலீஸ்காரரும் உக்காந்துட்டார்."

"அப்புறம்?"

"பதினோராம் அத்தியாயத்துல குரல் நின்னுடுச்சு. அந்தப் பொண்ணு தோழிகிட்ட மன்னிப்புக் கேட்டாளா இல்லையான்னு தெரியாம யாருக்கும் வீட்டுக்குப் போக மனசில்லை. மிச்சத்த நீங்கதான் படிக்கணும்னு எழுதிக் காட்டினார்."

சல்தனத் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். தெரு முழுக்க லாரிகள், இன்ஜினை அணைத்துவிட்டு வரிசையாக நின்றன. முதல் லாரியில் கழுத்தைச் சுற்றிய மப்ளரோடு பெக்தெமிர்.

வாக்கி டாக்கியை வாங்கிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினாள். இப்போது அவளுக்குத் தொண்டை அடைத்தது.