ஓடாத மெஷின்

"அது ஓடாது இருசப்பா. வண்டியை அடி அண்ணாமலை ஊருக்குத் திருப்பு. கண்ணாயிரம் மில்லுல உடனே அரைச்சுத் தருவான்."

நெல் மூட்டைகளோடு வந்திருந்த இருசப்பன் மில்லுக்குள் எட்டிப் பார்த்தான். ஒரு மெஷின் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது.

"நல்ல மெஷினாச்சே அண்ணே!"

"சொன்னா கேளு."

மில் முதலாளி அப்பாதுரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். வண்டி போய்விட்டது.

சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி சரோஜா அதைப் பார்த்துவிட்டாள். மில் நொடித்துவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு. மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன ஆரணிக்காரர்கள் இன்னும் வாயே திறக்கவில்லை.

"ஏங்க, மெஷின் கெட்டுப்போச்சா? மறைக்காம சொல்லிடுங்க."

அவர் ஓடுகிற மெஷினில் நெல்லைக் கொட்டினார்.

கூட வந்திருந்த அவள் தம்பி ராஜேந்திரன், மெட்ராஸில் பி.ஏ. பொருளாதாரம் படிக்கிறவன், சாக்கை இழுத்துப் போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினான்.

மெஷின் ஜோராக ஓடியது!

சரோஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அண்ணாமலையாரே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இன்னைக்கே ஆரணிக்கு ஆள் அனுப்பறேங்க. அவங்களே வந்து பார்த்துக்கட்டும்."

"அனுப்பு. கண்ணாயிரம் காதுக்கு மட்டும் போக வேணாம்."

ராஜேந்திரனுக்குக் கோபம் வந்தது.

"நல்லா ஓடற மெஷினை நிறுத்தி வெச்சுட்டு, வர்ற நெல்லைத் திருப்பி அனுப்பறீங்களே மாமா! உபரி உற்பத்தித் திறன்னு எங்க புரொபசர் சொல்லுவாரு. போட்ட முதல் சும்மா தூங்குது. சுத்த வேஸ்ட்டு!"

அப்பாதுரை சுவிட்சை அணைத்தார்.

"கரண்டு வந்த புதுசுல வாங்கினதுடா. அப்ப ஏரி ரொம்பி வழிஞ்சுது, நெல்லும் ஜாஸ்தி. இப்ப மழையும் கம்மி, வெளைச்சலும் கம்மி. சுத்துவட்டாரத்து நெல்லுக்கு ரெண்டு மெஷினே போதும். இருக்கறது மூணு. ஒண்ணு சும்மா நின்னுதானே ஆகணும்?"

"நிக்கட்டும். அது ஏன் நம்ம மெஷினா இருக்கணும்?"

கீழே கிடந்த சாக்கை எடுத்து உதறி, மெஷின்மேல் போர்த்திக்கொண்டே அப்பாதுரை சொன்னார்.

"நமக்கு ரெண்டு இருக்கு. கண்ணாயிரத்துக்கு ஒண்ணுதானேடா!"