மியூனிக்கின் படை

"வாரிசு யார்?" என்று திரை கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள்.

தங்கை மௌஸின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். கசங்காத சட்டை, கையில் கார் சாவி. பதிவு அலுவலகத்தில் பத்திரம் தயாராக இருந்தது. அப்பா விட்டுப்போன கண்ணாடிக் கடையில் தனக்குள்ள பாதியை அண்ணனுக்கே விட்டுக்கொடுப்பதாக அவள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். போன கையோடு திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் கூப்பிட வந்திருந்தான்.

"இத முடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு நேரம். கடையின் முன்பக்கம் கண்ணாடி அறுக்கும் மேஜைகள் சும்மா கிடந்தன. பின்பக்கத்து இந்தச் சின்ன அறையில், வாடிக்கையாளருக்கு விலை போட்டுக் கொடுக்கிற கம்ப்யூட்டரில், ஒரு ஜெர்மானிய டியூக் சாகக் கிடந்தார்.

இந்த விளையாட்டு அண்ணனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீட்டுக்கு அதைக் கொண்டுவந்ததே அவன்தான். பவேரியா என்று ஒரு நாடு. ஆளுவது ஒரே வம்சம். ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை பாகம் பிரித்து நாட்டைத் துண்டு போட்டுவிட்டார்கள். தங்கை ஆடுவது லாண்ட்ஸ்ஹூட் பங்கை. பங்காளி மியூனிக்கில் இருக்கிறான். லாண்ட்ஸ்ஹூட் டியூக்குக்கு ஆண் பிள்ளை இல்லை, ஒரே மகள். ஆண் வாரிசு இல்லாத பங்கு அடுத்த பங்காளிக்குப் போய்விட வேண்டும் என்பது குடும்ப ஒப்பந்தம்.

முதல் பொத்தான், மியூனிக் பங்காளி. சண்டை கிடையாது. நாடு ஒன்றாகும், ஆட்டமும் மரியாதையாக முடியும்.

இரண்டாவது பொத்தான், மகள்.

"மொதல்ல இருக்கறத அமுக்கு" என்றான் அண்ணன். "பொண்ணுக்குக் கொடுத்தா இதுல ஒருத்தன்கூட பக்கத்துல நிக்க மாட்டான். நான் எத்தன தடவ ஆடிப் பாத்துட்டேன்."

அக்கறையோடுதான் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. தங்கையின் கல்யாணத்தை ஜாம் ஜாம் என்று நடத்துவதாகச் சொந்தபந்தம் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். நாளைக்கு வேறு வீட்டுக்குப் போகிறவளுக்குக் கண்ணாடிக் கடை எதற்கு என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை. கடையில் கண்ணாடி அறுப்பது அவள், வெளியே போய் நாலு பேரிடம் சிரித்துப் பேசி ஆர்டர் பிடிப்பது அவன். அறுப்பதும் ஒரு வேலைதான் என்பது அவன் புத்தியில் ஏறவே இல்லை.

அவன் மனைவி தலைவலி என்று மாடி வீட்டில் படுத்திருந்தாள். இல்லாவிட்டால் அவளையே விட்டுச் சொல்லச் சொல்லியிருப்பான். அண்ணி சொன்னால் தங்கை கேட்பாள்.

தங்கை இரண்டாவது பொத்தானை அமுக்கினாள்.

டியூக் செத்தார். மகள் பட்டத்துக்கு வந்தாள். வந்ததுதான் தாமதம், லாண்ட்ஸ்ஹூட்டின் கோட்டைகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாக மாறின. நேற்றுவரை அப்பனுக்கு மண்டியிட்ட பிரபுக்கள் எல்லாம் பெண்ணுக்குக் கீழே நிற்க மாட்டோம் என்று வாளை உருவிவிட்டார்கள்.

அண்ணனுக்கு உள்ளூர மனம் குளிர்ந்தது. "சொன்னேன்ல?"

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?" என்றாள் தங்கை.

மிச்சமிருந்த படையை அவள் தலைநகரத்தில் கொண்டுவந்து குவித்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பயந்துவிட்டாள் என்று அவன் நினைத்தான். அது கோபம் என்பது அவனுக்குப் படவில்லை.

சிவப்புப் படைகள் மூன்று பக்கமும் நெருங்கின. நாலாவது பக்கம் மியூனிக்கின் எல்லை. அங்கேயிருந்து ஒரு நீலப் படை கிளம்பியது. இதுவரை கண்ணில் பட்டதிலேயே பெரிய படை அதுதான்.

அண்ணன் சிரித்தேவிட்டான். "அவ்ளோதான். பங்காளியே வந்துட்டான். மூடிட்டு எந்திரி, நேரமாகுது."

அவள் எழுந்திருக்கவில்லை.

நீலப் படை ஆற்றைத் தாண்டியது. வழியில் இருந்த லாண்ட்ஸ்ஹூட் கிராமம் எதையும் தொடவில்லை. நேராகத் தலைநகரத்துக்கு வந்து, மகளின் படைக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு இரண்டும் சேர்ந்து சிவப்பின் மேல் பாய்ந்தன.

'மகளின் பட்டத்தை மியூனிக் ஏற்கிறது' என்று திரையில் எழுத்து ஓடியது.

அண்ணன் திரையருகே குனிந்தான். அவன் ஆடிய ஆட்டங்களில் ஒருமுறைகூட இப்படி நடந்ததில்லை. "இது எப்படி? கம்ப்யூட்டர் இப்படி ஆடாதே."

"மியூனிக்க கம்ப்யூட்டர் ஆடுதுன்னு யாரு சொன்னா?"

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. தலைவலிக்காரி இறங்கி வந்துகொண்டிருந்தாள். லேப்டாப் திறந்தபடியே அவள் கையில் இருந்தது.

"படை வந்து சேந்துச்சாடி?"

"வந்துடுச்சு அண்ணி."

அவள் லேப்டாப்பைத் தங்கையின் மேஜையில் வைத்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை. காப்பி வேண்டுமா என்று கேட்கிற அதே குரல்தான்.

"போன வருஷம் எங்க வீட்ல என் பங்க எங்க அண்ணனுக்கு எழுதிக் கொடுத்துட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா? ஒரு வாரம் எங்கூட நீங்க பேசல. உன்ன மாதிரி ஏமாளி இந்த உலகத்துல உண்டான்னு கேட்டீங்க."

அவன் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரிங்க. அதத்தான் இவகிட்டயும் சொன்னேன்."