துடைத்த டிஸ்க்

பட்டனை அழுத்திவிட்டு, வழக்கம்போல டீ போட எழுந்தாள் அக்கா. அவள் அறை வாசலைத் தாண்டுவதற்குள் கம்ப்யூட்டர் திறந்து தயாராக நின்றது.

"அடேயப்பா! இனிமே இது கண்ணு முழிக்கிறதுக்குள்ள ஒரு வாய் டீ குடிக்க முடியாது போலிருக்கே!" என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை.

"ஹைப்ரிட் டிஸ்க்குனு பேருதான்க்கா பெருசு. கொஞ்சூண்டு சிப்பு, மீதியெல்லாம் சுத்துற தட்டு. உள்ள இருந்ததைக் காப்பி பண்ணிக்கிட்டு, அதைக் கழட்டிப் போட்டுட்டு, முழுக்க சிப்பாலயே ஆன எஸ்.எஸ்.டி. மாட்டிட்டேன். ஆபீஸ்ல எனக்கு இதே பொழப்பு, கண்ணை மூடிக்கிட்டுச் செய்வேன்."

அக்கா எம்பிராய்டரி டிசைன் வரைபவள். அவள் வரைந்த பூவையும் கொடியையும் வாங்கித்தான் பல தையல் கடைகளில் மிஷினில் ஏற்றுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து வரைந்த அத்தனையும் இந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. அவள் வெளியூர் போய்த் திரும்புவதற்குள் வேலையை முடித்து அவளை அசத்திவிடலாம் என்று தம்பியைக் கூப்பிட்டவர் அத்தான்தான்.

அக்கா டிசைன் ஃபோல்டரைத் திறந்தாள். காலி.

மூடிவிட்டு மறுபடி திறந்தாள். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது.

"எங்கடா போச்சு எல்லாம்?"

தம்பி மவுஸைப் பிடுங்கி மூலைமுடுக்கெல்லாம் தேடினான். பழைய டிஸ்க்கில் பார்க்கலாமென்றால், அதிலிருந்ததை நேற்றே மீட்க முடியாதபடி அழித்துத் துடைத்தாகிவிட்டது. "அதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறோம்? மிச்சம் மீதி இல்லாம துடைச்சிடு மச்சான்" என்று அத்தான் பக்கத்திலேயே நின்று சொல்ல, புது டிஸ்க்குக்கு எல்லாம் வந்து சேர்ந்ததா என்று ஒரு தடவை திறந்துகூடப் பார்க்காமல் துடைத்திருந்தான்.

"பழைய டிஸ்க்கே கெட்டுப்போயிருக்கும்க்கா" என்று வாய் தானாகச் சொன்னது. "அதான் காப்பி ஆகலை போல."

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியின் தோளில் கை வைத்தாள். "விடுடா. டிஸ்க்கு கெட்டதுக்கு நீ என்ன பண்ணுவே? நல்லவேளை, நீயா இருக்கக்கண்டு உண்மையைச் சொன்னே. வேற யாராவதுன்னா எங்கிட்ட ஏதாவது கதை அளந்துட்டுப் போயிருப்பாங்க."

அது அவனைச் சுருக்கென்று தைத்தது. தோளிலிருந்த கை கனத்தது.

"கதை அளந்ததே நான்தான்க்கா. டிஸ்க்கு நல்லாத்தான் இருந்துச்சு. காப்பி வந்துச்சான்னு பார்க்காம நான்தான் அவசரப்பட்டுத் துடைச்சுட்டேன். கண்ணை மூடிக்கிட்டுச் செய்வேன்னு வாய் கிழியப் பேசினேனே..."

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். காலி ஃபோல்டரை மூடிவிட்டு, ஒரு தாளை எடுத்துக் கடைக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினாள். திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"கடைக்காரங்ககிட்ட கொஞ்சம் இருக்கும். கேட்டு வாங்கிக்கிறேன். மிச்சத்தை மறுபடி வரைய வேண்டியதுதான்" என்றாள் கடைசியில். "நீ சாப்பிட்டுட்டுப் போ."

தட்டிலிருந்து அவன் தலை நிமிரவேயில்லை. பேருக்குக் கொறித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். பின்னாலேயே அத்தான் வேகமாக இறங்கி வந்தார்.

"நீங்களாவது ரெண்டு வார்த்தை திட்டிடுங்க அத்தான். அக்கா வயித்துல அடிச்சிட்டேன். உங்க முகத்தைப் பார்க்கவே வெக்கமா இருக்கு."

அத்தான் மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீ துடைக்கும்போது அதுல டிசைனே இல்ல மச்சான். அவ ஊருக்குப் போன அன்னைக்கு, கொஞ்சம் இடம் காலி பண்ணலாம்னு உட்கார்ந்து, தெரியாம நான்தான் எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

அத்தான் குனிந்த தலை நிமிராமல் சொன்னார்:

"அதுக்கப்புறம்தான் உன்னைக் கூப்பிட்டேன்."