எஞ்சின் எத்தனை வருஷம் தாங்கும்?

"இதோட எஞ்சின் எத்தனை வருஷம் தாங்கும்?"

பழைய கார்களை விற்பவர் சாம்பல் நிற வண்டியைத் தட்டிக் காட்டினார். "பத்து வருஷத்துக்குத் திரும்பியே பாக்க வேண்டாம் சார். கல்லு மாதிரி எஞ்சின்."

"அந்தச் சிவப்பு?"

"பாக்கத்தான் பளபளப்பு. ஆயிலைக் குடிக்கும், அடிக்கடி மக்கர் பண்ணும்."

வாங்க வந்தவர் இரண்டு வண்டிகளுக்கும் நடுவே நடந்தார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். மறுபடியும் நடந்தார்.

மனைவிக்குக் கால் கடுத்தது. "ஏங்க, எதுக்கு இப்படி இருப்புக்கொள்ளாம அலையுறீங்க? நம்ம பழைய வண்டி இனிமே தேறாதுன்னு கைவிரிச்ச மெக்கானிக்கே இந்தச் சாம்பல் கலர் வண்டியைத்தான் எடுக்கச் சொன்னான்."

"சொல்லுவான். அவனுக்கென்ன, விட்டது தொல்லைன்னு இருப்பான்!" என்று எரிந்து விழுந்தார்.

இன்னொரு சுற்று நடந்து வந்து சட்டென்று நின்றார். "சிவப்பையே எடுத்துக்கறேன்."

விற்பவர் திகைத்துப்போனார். மனைவி அவர் கையைப் பிடித்துத் தனியே இழுத்தாள்.

"புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? மாசாமாசம் மெக்கானிக்கைக் கூப்பிடணுமே!"

"கூப்பிடு."

அவள் அவரையே பார்த்தாள். அவர் சிவப்பு வண்டியைப் பார்த்தபடி முணுமுணுத்தார்.

"வண்டி நின்னாதானேடி உன் பிள்ளை ஸ்பானரைத் தூக்கிக்கிட்டு வர்றான்? வாசப்படி ஏறாதேன்னுதான் அவன்கிட்டச் சொன்னேன். நம்ம கார் ஷெட்டுக்கு வராதேன்னு சொல்லலையே!"